யு-570 எச்.எம்.எஸ். கிராஃப் ஆன கதை: பிடிபட்ட நீர்மூழ்கி எதற்குப் பயன்பட்டது?

1941 ஆகஸ்ட் 27 அன்று முற்பகலில், ஐஸ்லாந்துக்குத் தெற்கே கொந்தளித்துக்கொண்டிருந்த வட அட்லாண்டிக் கடலில் யு-570 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மேலே எழுந்தது. அந்த நேரத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 269ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஹட்சன் ரோந்து விமானம் ஒன்று ஏறக்குறைய அதற்கு நேர் மேலே பறந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் நீர்மூழ்கியின் மேல்தளத்தில் வெள்ளைத் துணி அசைந்தது. போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாயில், செயல்படும் நிலையில் இருந்த ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி பிரிட்டனின் கைக்கு வந்து, பின்னர் எச்.எம்.எஸ். கிராஃப் என்ற பெயரில் பிரிட்டிஷ் கொடியின் கீழ் கடலுக்குச் சென்றது. எதிரியின் ஆயுதத்தை எதிரிமீதே திருப்பிவிட்டார்கள் என்ற கோணத்தில்தான் இந்த நிகழ்வு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது உண்மையே என்றாலும், அந்தக் கப்பல் செய்த மிகப் பெரிய பணி போர்க்களத்தில் நடக்கவில்லை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யு-570 'ஏழு-சி' வகையைச் சேர்ந்தது. இந்த வகையில் போர்க்காலம் முழுவதும் 500க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. அட்லாண்டிக் போரின் முதுகெலும்பு இவைதான். நீளம் 67 மீட்டர், கடல்மட்டத்தில் எடை 769 டன், முன்புறம் நான்கு டோர்பிடோக் குழாய்கள், பின்புறம் ஒன்று, உள்ளே ஏறத்தாழ 44 பேர். கடலின் மேல் டீசல் எந்திரங்களால் 17 நாட் (மணிக்கு ஏறத்தாழ 31 கிலோமீட்டர்) வேகத்துக்கு மேல் ஓடும். நீருக்கடியில் மின்கலங்களின் சக்தியில் அதிகபட்சம் 7 நாட் வேகத்தைச் சற்றே தாண்டும், அதுவும் சிறிது நேரத்துக்கு மட்டுமே. ஆகவே, இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகளைப் போல இதைக் கற்பனை செய்யக்கூடாது. பெரும்பாலான நேரம் கடலின் மேற்பரப்பில் ஓடி, தேவைப்படும்போது மட்டும் மூழ்கும் டோர்பிடோப் படகு என்று இதைக் கொள்வதே பொருந்தும். மேற்பரப்பில் இருந்தாக வேண்டிய இந்தக் கட்டாயமே விமானங்களிடம் அதைச் சிக்கவைத்தது. பிரிட்டன் 1940 மே மாதத்தில் ஐஸ்லாந்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்திருந்ததால், அத்தீவின் தென்கரையிலுள்ள கல்தடார்னெஸ் ஓடுதளத்திலிருந்து ஹட்சன் விமானங்கள் அந்தக் கடற்பரப்பைக் கண்காணித்துவந்தன.

ஹாம்பர்க் நகரின் புளோம் உண்ட் ஃபோஸ் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட யு-570, 1941 மே மாதம் ஹான்ஸ்-யோவாக்கிம் ராம்லோவின் தலைமையில் கடற்படையில் சேர்ந்தது. ராம்லோ கடற்படையில் நெடுநாள் இருந்தவர்தான். ஆனால் அவருடைய முந்தைய அனுபவத்தில் பெரும்பகுதி கடலோரப் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்தது. போர்முனைக்குச் செல்லும் நீர்மூழ்கியை அவர் நடத்தியது இதுவே முதல்முறை. மாலுமிகளில் மிகப் பலருக்கும் இதுதான் முதல் போர்ப் பயணம். 1941இல் ஜெர்மனி நீர்மூழ்கிகளைக் கட்டிய வேகத்துக்கு ஈடாக, அவற்றை இயக்கும் ஆட்களைப் பக்குவப்படுத்த முடியவில்லை. புதிய கப்பல்களில் அனுபவசாலிகள் மெல்லியதாகத் தூவப்பட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, நார்வேயில் தரைதட்டியதில் நீருக்கடியில் பிற கப்பல்களின் ஒலியைக் கேட்க உதவும் நீரொலிக் கருவி பழுதடைந்திருந்தது. ஆகஸ்ட் இறுதியில் ட்ரோண்ட்ஹைம் பகுதியிலிருந்து புறப்பட்டுத் திறந்த கடலுக்கு வந்ததும், குமட்டலும் வாந்தியுமாக மாலுமிகள் சுருண்டு விழுந்தனர். அவர்களுக்குச் சற்று ஓய்வு தருவதற்காகவே கப்பல் நீருக்கடியில் இறக்கப்பட்டிருந்தது.

மேலே எழுந்தபோது நடந்தது சில நிமிடச் செய்தி. அன்று காலையில் அதே படைப்பிரிவின் வேறொரு ஹட்சன் அந்தப் பகுதியில் ஒரு நீர்மூழ்கியைக் கண்டு தாக்க முயன்று, குண்டுகள் விடுபடாமல் போனதால் தோற்றிருந்தது. இப்போது ஸ்குவாட்ரன் லீடர் ஜேம்ஸ் தாம்ப்சன் ஓட்டிய விமானம் நான்கு ஆழ்நீர்க் குண்டுகளை வீசியது. ஒவ்வொன்றும் 250 பவுண்டு எடை. கப்பல் அவசரமாக மூழ்க முற்பட்ட வேளையில் குண்டுகள் அதன் அருகிலேயே வெடித்தன. கப்பல் பக்கவாட்டில் பெரிதும் சாய்ந்து, பின் நிமிர்ந்தது. விளக்குகள் அணைந்தன, அளவுமானிகள் நொறுங்கின, நீர் உள்ளே வந்தது.

எல்லாவற்றையும்விட மாலுமிகளை அச்சுறுத்தியது வாயு. நீர்மூழ்கியின் மின்கலங்கள் ஈயத்தகடுகளும் கந்தக அமிலமும் கொண்டவை. அவற்றுக்குள் உப்புநீர் புகுந்தால் மின்னோட்டத்தால் உப்பு பகுக்கப்பட்டுக் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் அகழிகளில் கொல்லப் பயன்பட்ட அதே வாயு, காற்று புக வழியில்லாத இரும்புக் குழாய்க்குள் கிளம்பினால் என்னவாகும் என்பதை நீர்மூழ்கி மாலுமிகள் அனைவரும் அறிந்திருந்தனர். இருட்டு, நீர், மூக்கை அரிக்கும் நெடி ஆகிய மூன்றும் ஒருசேர வந்தபோது, முதல் பயணத்திலேயே இருந்த இளைஞர்கள் மேலே ஓடியதில் வியப்பில்லை. ராம்லோ எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச் சொன்னார். விமானம் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே வட்டமிட, நீர்மூழ்கியினர் வெள்ளைத் துணியைக் காட்டிச் சரணடைந்தனர். கப்பலால் மூழ்க முடியவில்லை, விமானத் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறோம் என்ற செய்தி குறியீடில்லாத வெளிப்படை மொழியிலேயே வானொலியில் அனுப்பப்பட்டது. அதைத் தாயகம் மட்டும் கேட்கவில்லை, பிரிட்டனும் கேட்டது.

இங்கே ஒரு விசித்திரமான சிக்கல் எழுந்தது. விமானம் ஒரு கப்பலைச் சரணடைய வைக்கலாம். ஆனால் அதைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. ஆட்களை இறக்க வழியில்லை, எரிபொருளும் தீர்ந்துகொண்டே வரும். நீர்மூழ்கியினர் மனம் மாறி மூழ்கினாலோ, கப்பலைத் தாங்களே மூழ்கடித்தாலோ, பிடித்தது கைநழுவிப் போகும். எனவே பிற்பகலில் 209ஆம் படைப்பிரிவின் கேட்டலினா நீர்விமானம் காவலை ஏற்றுக்கொண்டது. அன்று இரவு நார்தர்ன் சீஃப் என்ற ஆயுதம் பூட்டிய மீன்பிடிக் கப்பல் முதலில் வந்து சேர்ந்தது. கிங்ஸ்டன் அகேட் உள்ளிட்ட வேறு இழுவலைக் கப்பல்களும், பர்வெல், நயாகரா என்ற இரு நாசகாரிக் கப்பல்களும் அதைத் தொடர்ந்தன. மறுநாள் காலையிலும் கடல் அடங்கவில்லை. நிலைமையை அறியாத நார்வேப் படைப்பிரிவின் விமானமொன்று நீர்மூழ்கியின்மீது குண்டு வீசியதும் அப்போதுதான். இறுதியில் கிங்ஸ்டன் அகேட்டிலிருந்து லெப்டினன்ட் கேம்பெல் தலைமையில் சிலர் ஒரு மிதவையில் சென்று, அலைகளுக்கிடையே நீர்மூழ்கியில் ஏறி, இழுவைக் கயிற்றைப் பூட்டினர். போரில் ஈடுபட்ட ஆயிரக்கணக்கான மீன்பிடிக் கப்பல்களைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: விமானம் அடக்கிவைத்த கப்பலைக் கரைசேர்த்ததில் இந்தச் சிறிய கப்பல்களின் பங்கு பெரிது. இரண்டு நாள்களுக்குப் பின் யு-570 ஐஸ்லாந்தின் தென்கரையில் தோர்லாக்ஸ்ஹோப்ன் அருகே கரைமேல் ஏற்றப்பட்டது.

உள்ளே சென்று பார்த்த பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதிகாரிகள், சேதம் அஞ்சிய அளவுக்கு இல்லை என்பதைக் கண்டனர். அனுபவமுள்ள மாலுமிகள் இருந்திருந்தால் விளக்குகளை மீண்டும் எரியவைத்து, கசிவை அடைத்து, கப்பலைக் காப்பாற்றியிருக்கக்கூடும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. இந்த மதிப்பீட்டை வைத்துத்தான் ராம்லோ கோழை என்று பலரும் தீர்ப்பெழுதினார்கள். அது நியாயமான தீர்ப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. துறைமுகத்தின் அமைதியில், மின்விளக்கு எரிய, ஒவ்வொரு குழாயாகத் தட்டிப் பார்க்கும் நிபுணருக்குக் கிடைத்த தகவல், இருட்டில் குளோரினைச் சுவாசித்துக்கொண்டு நின்றவருக்குக் கிடைக்கவில்லை. குறை இருந்தது என்றால், அரைகுறைப் பயிற்சியோடு அந்த மனிதர்களை அட்லாண்டிக்குக்கு அனுப்பிய அமைப்பில்தான் முதலில் தேட வேண்டும்.

ஜெர்மன் போர்க்கைதிகள் அப்படிப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலுள்ள கிரிஸ்டேல் ஹால் முகாமில், புகழ்பெற்ற நீர்மூழ்கித் தளபதி ஓட்டோ கிரெட்ஷ்மர் கைதிகளில் மூத்தவராக இருந்தார். அங்கே கொண்டுவரப்பட்ட யு-570இன் அதிகாரிகள்மீது சக கைதிகள் 'கௌரவ மன்றம்' ஒன்றைக் கூட்டி விசாரணை நடத்தினர். அதற்குச் சட்ட அதிகாரம் ஏதும் கிடையாது. ராம்லோவுக்கு அடுத்த நிலையில் இருந்த பெர்ன்ஹார்ட் பெர்ண்ட் குற்றவாளி என்று அது முடிவு செய்தது. யு-570 பாரோ-இன்-ஃபர்னஸ் துறைமுகத்தில், அதாவது முகாமிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் இருப்பது தெரியவந்ததும், தப்பிச் சென்று கப்பலை மூழ்கடித்துத் தன் மீதான பழியைத் துடைக்கப் பெர்ண்ட் முன்வந்தார். 1941 அக்டோபரில் முகாமிலிருந்து வெளியேறிய அவர் உள்ளூர்க் காவல் படையினரிடம் சிக்கினார். டச்சு மாலுமி என்று சொல்லிப் பார்த்தார். மீண்டும் ஓட முயன்றபோது சுடப்பட்டு இறந்தார். இந்தப் போரின் கொடுமைகளோடு ஒப்பிட்டால் ஒரு தனிமனிதரின் மரணம் சிறிதாகத் தெரியலாம். ஆனால் கடலில் தப்பிய ஒருவரைக் கரையில் அவருடைய தோழர்களின் தீர்ப்பே மரணத்தை நோக்கித் தள்ளியது என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியல்ல.

இதற்கு ஓராண்டுக்கு முன், 1940 மே மாதத்தில், இதே நிலை பிரிட்டனுக்கும் நேர்ந்திருந்தது. எச்.எம்.எஸ். சீல் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கட்டெகாட் நீரிணைப் பகுதியில் கண்ணிவெடியில் சிக்கி, கடலடியில் பல மணி நேரம் மாட்டிக்கொண்டு, மூச்சுத்திணறலோடு மேலே வந்தபோது ஜெர்மன் விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகிச் சரணடைந்தது. ஜெர்மனி அதைத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது. ஆனால் போர்ப்பணிக்கு அது உதவவில்லை. அதன் தளபதி ரூபர்ட் லான்ஸ்டேல் போர் முடிந்து திரும்பியதும் 1946இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, கௌரவத்தோடு விடுவிக்கப்பட்டார். ராம்லோவையும் லான்ஸ்டேலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சரணடைதலை மதிப்பிட முறையான நீதிமன்றமும் காலத்தின் இடைவெளியும் எவ்வளவு தேவை என்பது விளங்கும்.

இனி, கப்பல் கற்றுத்தந்தவற்றுக்கு வருவோம். ஐஸ்லாந்தில் மிதக்கவிடப்பட்டு, க்வால்ஃபியோர்துரில் ஓரளவு பழுதுபார்க்கப்பட்ட யு-570, தன் சொந்த எந்திரங்களின் சக்தியிலேயே 1941 அக்டோபர் தொடக்கத்தில் பாரோவிலுள்ள விக்கர்ஸ் கப்பல்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே பொறியாளர்கள் அதைப் பகுதி பகுதியாக அளந்தார்கள். நீரழுத்தத்தைத் தாங்கும் உள் ஓட்டின் தடிப்பு ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், அதுவும் முழுக்கப் பற்றவைக்கப்பட்டது (வெல்டிங்). அப்போது பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளில் ரிவெட் எனும் உலோக ஆணிகளை அடித்த இணைப்புகள் இன்னும் பெருமளவில் இருந்தன. பற்றவைத்த ஓடு அதே எடைக்கு அதிக அழுத்தத்தைத் தாங்கும், வெடி அதிர்ச்சியில் இணைப்புகள் நெகிழாது. இதிலிருந்து கிடைத்த முடிவு பிரிட்டிஷ் கடற்படைக்குக் கசப்பானது: தங்கள் ஆழ்நீர்க் குண்டுகளில் அமைக்கக்கூடிய அதிகபட்ச ஆழத்துக்கும் கீழே இந்த நீர்மூழ்கிகளால் செல்ல முடியும்.

இதன் பொருளை உணர, அந்தக் காலத்து வேட்டை முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆழ்நீர்க் குண்டு என்பது வெடிமருந்து நிரப்பிய உருளை. நீரின் அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும் வெடிக்கும்படி அதன் கருவி முன்கூட்டியே அமைக்கப்படும். இலக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்று வேட்டைக் கப்பல் ஊகிக்க வேண்டும், ஏனெனில் அன்றைய ஆஸ்டிக் ஒலிக்கருவி திசையையும் தொலைவையும் சொன்னதே தவிர ஆழத்தைச் சொல்லவில்லை. மேலும் ஆஸ்டிக்கின் ஒலிக்கற்றை முன்னோக்கிச் செல்வது; கப்பல் இலக்கை நெருங்க நெருங்க, ஆழத்திலுள்ள நீர்மூழ்கி அந்தக் கற்றைக்குக் கீழே நழுவிவிடும். இலக்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவு முன்னதாகத் தொடர்பு அறுபடும். அதன்பின் வீசப்படும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில்தான் அமிழும். 200 மீட்டர் ஆழத்தை எட்ட அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 6 நாட் வேகத்தில் செல்லும் நீர்மூழ்கி அதே 200 மீட்டர் தூரத்தைக் கடந்திருக்கும். கப்பல்கள் வீசிய குண்டோ, இலக்கின் ஓட்டிலிருந்து ஆறேழு மீட்டருக்குள் வெடித்தால்தான் அதைப் பிளக்கும்.

ஆகவே அதிகபட்ச ஆழம், மூழ்கிய நிலையில் வேகம், திரும்புவதற்குத் தேவைப்படும் வட்டத்தின் அளவு, வெவ்வேறு வேகங்களில் எழும் இரைச்சல் ஆகிய நான்கும் வேட்டைக் கப்பலின் தளபதிக்கு உயிர்நாடியான எண்கள். அதுவரை அவை கைதிகளின் வாக்குமூலத்திலிருந்தும், சிதறிய குறிப்புகளிலிருந்தும், ஊகத்திலிருந்தும் வந்தவை. யு-570 கைக்கு வந்தபின் அவற்றைக் கடலில் ஓட்டியே அளக்க முடிந்தது. குண்டுகள் மேலும் ஆழத்தில் வெடிக்கும்படி மாற்றப்பட்டன. ஆஸ்டிக் இயக்குபவர்களுக்கு உண்மையான ஜெர்மன் நீர்மூழ்கியின் எதிரொலியும் எந்திர ஒலியும் காதுக்குப் பழகின. அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை என்றாலும், அதன் கடற்படை அதிகாரிகளும் வந்து கப்பலை ஆராய்ந்தனர். ஒரு குறிப்பிட்ட கப்பலைப் பற்றித் தெரிந்துகொள்வதோடு இது நின்றுவிடவில்லை. ஒரே வரைபடத்திலிருந்து நூற்றுக்கணக்கில் கட்டப்படும் கப்பல் என்பதால், ஒன்றின் எல்லை தெரிந்தால் அனைத்தின் எல்லையும் தெரிந்துவிடும். ஜெர்மனி தன் தொழில்திறனின் சிறப்பாகக் கொண்டிருந்த சீரான பெருமுறை உற்பத்தி, இந்த ஒரு கப்பல் பிடிபட்டதும் எதிரிக்குச் சாதகமாகிவிட்டது.

கிடைக்காதது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர்மூழ்கியினர் எனிக்மா குறியீட்டு எந்திரத்தையும் குறியீட்டுத் தாள்களையும் பிரிட்டிஷ் ஆட்கள் ஏறுமுன்பே அழித்துவிட்டிருந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் பிடிபட்ட யு-110இன் நிலை இதற்கு நேர்மாறானது. அதிலிருந்து எனிக்மாவும் ஆவணங்களும் எடுக்கப்பட்டன, ஆனால் இழுத்துவரும்போது கப்பல் மூழ்கிவிட்டது. அந்த நிகழ்வைப் பிரிட்டன் பல பத்தாண்டுகள் மறைத்துவைத்தது. யு-570 பிடிபட்டதையோ உலகறியச் சொன்னது. காரணம் எளிது. குறியீடு படிக்கப்படுகிறது என்று எதிரி அறிந்தால் அதை மாற்றிவிடுவான், கிடைத்த பலன் மறுநாளே போய்விடும். ஓட்டின் தடிப்பு அளக்கப்பட்டது என்று அறிந்தாலும், கட்டிமுடித்த நூற்றுக்கணக்கான கப்பல்களை அவனால் மாற்றிவிட முடியாது. எந்த இரகசியத்தைக் காக்க வேண்டும், எதைக் காக்கத் தேவையில்லை என்பதில் பிரிட்டன் காட்டிய தெளிவு பாராட்டுக்குரியது.

போர்க்கப்பலாக எச்.எம்.எஸ். கிராஃப் ஆற்றிய பணி இதனோடு ஒப்பிடுகையில் சிறியது. 1942 அக்டோபர் 21 அன்று பிஸ்கே வளைகுடாவில், லெப்டினன்ட் பீட்டர் மாரியட்டின் தலைமையில் இருந்த கிராஃப், கடல்மேல் சென்ற ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியைக் கண்டு நான்கு டோர்பிடோக்களை ஏவியது. இலக்கு யு-333, அதுவும் 'ஏழு-சி' வகைதான். இரண்டு வாரங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கரையோரம் குரோகஸ் என்ற பிரிட்டிஷ் காவற்கப்பலோடு நடந்த மோதலில் பலத்த சேதமடைந்து, ஊர்ந்து ஊர்ந்து தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது அது. வெடிச்சத்தங்களைக் கேட்ட கிராஃப், இலக்கு மூழ்கியது என்று நம்பியது, கடற்படையும் அப்படியே பதிந்தது. உண்மையில் யு-333 தப்பிவிட்டது. எதிரியின் கப்பலில் எதிரியின் கப்பலையே வீழ்த்திய வெற்றி என்று நெடுநாள் சொல்லப்பட்டது போருக்குப் பிந்தைய ஆவணங்களால் திருத்தப்பட்டது. இருப்பினும், பிடிபட்ட நீர்மூழ்கி ஒன்று தன் இனத்தையே சேர்ந்த இன்னொன்றை வேட்டையாடச் சென்றது என்பது அரிய நிகழ்வுதான்.

போர்ப்பணி நீடிக்காததற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. நீர்மூழ்கி என்பது வால்வுகளும் இறைப்பிகளும் மின்மோட்டார்களும் நெருக்கி அடுக்கப்பட்ட கருவி. அவற்றில் எது பழுதானாலும் மாற்று உறுப்பு வேண்டும். கிராஃபுக்கான உறுப்புகள் இருந்ததோ ஜெர்மனியின் கிடங்குகளில். பிரிட்டன் ஒவ்வொன்றையும் தனியே செய்தாக வேண்டியிருந்தது, அதுவும் ஒரே ஒரு கப்பலுக்காக. மாலுமிகள் ஜெர்மன் எழுத்துப் பலகைகளுக்கிடையே, பழக்கமில்லாத அமைப்பில் வேலை செய்தார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு: 'ஏழு-சி' வகையின் உருவத்தைக் கண்டதும் சுடுவதற்கே நேச நாட்டு விமானிகளும் நாசகாரிகளும் பழக்கப்பட்டிருந்தனர். எனவே கிராஃப் செல்லும் வழியெல்லாம் முன்கூட்டியே அறிவித்துப் பாதுகாக்க வேண்டியிருந்தது. பழுதுகள் பெருகிய நிலையில் 1943இன் நடுப்பகுதியோடு அது முன்னணிப் பணியிலிருந்து விலக்கப்பட்டது. 1944 மார்ச் 20 அன்று இழுத்துச் செல்லப்படும்போது கயிறு அறுந்து, ஸ்காட்லாந்தின் ஐலே தீவின் மேற்குக்கரைப் பாறைகளில் மோதிச் சிதைந்தது.

அதற்கு ஓராண்டு கழித்து, 1945 மே மாதத்தில் ஜெர்மனி சரணடைந்தபோது நீர்மூழ்கிகள் நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் நேச நாடுகளின் கைக்கு வந்தன. பிரிட்டன், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய மூன்றும் தலைக்குப் பத்தாக முப்பதை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. எஞ்சியவற்றில் 116 கப்பல்களை 'டெட்லைட்' நடவடிக்கையில் அயர்லாந்துக்கு வடமேற்கே கடலில் மூழ்கடித்தார்கள். அவற்றில் பெரும்பான்மை 'ஏழு-சி' வகையே. 1941இல் அந்த வகையில் ஒன்றைக் கரைசேர்க்க விமானங்களும் நாசகாரிகளும் மீன்பிடிக் கப்பல்களும் இரண்டு நாள் போராடின. 1945இலோ அதில் அறிந்துகொள்ளப் புதிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

வெற்றி பெற்றவர்கள் தேடிச் சென்றவை வேறு. நீருக்கடியில் நெடுநேரம் வேகமாக ஓடும் 'இருபத்தொன்று' வகையில் ஒன்றான யு-2518ஐப் பிரான்ஸ் பெற்று, ரோலன் மொரியோ என்ற பெயரில் 1960களின் பிற்பகுதி வரை இயக்கியது. ஹைட்ரஜன் பெராக்சைடில் இயங்கும் விசையாழி பொருத்தப்பட்ட யு-1407 குக்ஸ்ஹாஃபனில் ஜெர்மன் மாலுமிகளாலேயே மூழ்கடிக்கப்பட்டிருந்தது. பிரிட்டன் அதைத் தூக்கியெடுத்து, எச்.எம்.எஸ். மீட்டியரைட் என்று பெயரிட்டு, பாரோவின் விக்கர்ஸ் தளத்துக்குக் கொண்டுசென்றது. இம்முறை கப்பலை மட்டுமின்றி, அந்த எந்திரத்தை வடிவமைத்த ஹெல்முட் வால்டரையும் அவருடைய உதவியாளர்களையும் அங்கேயே வரவழைத்து வேலை செய்ய வைத்தார்கள். மீட்டியரைட் 1949இல் உடைக்கப்பட்டது. அதிலிருந்து பெற்ற அறிவைக் கொண்டு 1950களில் எக்ஸ்ப்ளோரர், எக்ஸ்காலிபர் என்ற இரண்டு சோதனை நீர்மூழ்கிகளைப் பிரிட்டன் கட்டியது.